குட்டையில ஹார்மோன் மாத்திரை கரைச்சா நத்தை ஒழியுமா?

கேள்வி: எங்களுக்கு திருவாரூர் பக்கம், மூணு கறவை மாடு இருக்கு. ஒண்ணுக்கு தாடைக்கு கீழ தண்ணி கோத்து வீங்கிருக்கு, கழிச்சல், பாலும் கொறஞ்சு போச்சு. டாக்டர் சாணிய டெஸ்ட் பண்ணி ஈரல் புழுன்னு சொன்னார், குட்டை நத்தையால வருதாம். கருத்தடை ஹார்மோன் மாத்திரைய தண்ணில கரைச்சா நத்தை முட்டை போடாதுன்னு ஒருத்தர் சொல்றார், செய்யலாமா?

பதில்: வேணாம்ணே, காசுதான் கரையும். நம்ம உடம்புல கொலஸ்ட்ராலை வெட்டித்தான் ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரான்னு பெண், ஆண் ஹார்மோன் எல்லாம் உருவாகுது, அந்த முதல் வெட்டு போடுற என்சைமே நத்தைக்கு கிடையாது. ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் (ஹார்மோன் வந்து ஒட்டுற இடம்) மாதிரி ஒண்ணு நத்தைக்கு இருக்கு, ஆனா ஈஸ்ட்ரோஜன் போனாலும் அது கண்டுக்காது. மனுசனுக்கு ரத்தப்புழு பரப்புற பயோம்ஃபலேரியா நத்தைய சின்னதுலேர்ந்தே ஆண் ஹார்மோன் கலந்த தண்ணில வளத்துப் பாத்து 2016ல எழுதினாங்க, இனப்பெருக்கத்துல ஒரு மாத்தமும் இல்ல. மாத்திரையால குட்டை மீனுக்குத்தான் கேடு.

அப்படியே முட்டை நின்னாலும் உங்களுக்கு லாபமில்ல பாருங்க, ஏன்னா நோய் பரப்புற, புழு ஏறின நத்தை முட்டை போடுறத ஏற்கனவே கொறச்சிருக்கும், சில நத்தை நிறுத்தியே இருக்கும், முட்டைக்குப் போக வேண்டிய சத்தெல்லாம் புழுக்குஞ்சு உறிஞ்சிடுது. ஈரல் புழு சேந்த இந்த தட்டைப்புழு ஜாதிக்கு சொந்தமா கொலஸ்ட்ரால் செய்யத் தெரியாது, நத்தைக்குள்ள இருந்தா நத்தைகிட்ட, ஈரல்ல இருந்தா மாட்டுகிட்ட, ஓசி சாப்பாடுதான். நத்தைக்குள்ள போனது ஒரு குஞ்சுன்னா வெளிய வர்றது நூத்துக்கணக்குல, அது நீந்திப்போய் தண்ணியோரப் புல்லு, நெல்லுத்தாள்ல ஒட்டிக்கும், மாடு மேயும்போது உள்ள போயிரும்.

கொலஸ்ட்ராலை வச்சு நத்தைய கொல்றது வேற வழி. தேயிலை விதைப் புண்ணாக்குல இருக்க சாப்போனின்ங்கிற நுரைக்கிற பொருள் செல் தோல்ல உள்ள கொலஸ்ட்ராலோட சேந்து ஓட்டை போட்டுரும். நத்தை சாகும், கூடவே மீனும் சாகும், அதனால நான் சொல்ல மாட்டேன்.

என்னைக் கேட்டா வாத்து விடுங்க, அது நத்தையத் தின்னும். இந்தோனேசியாவுல வாத்துப் பட்டிய மாட்டுக் கொட்டாய ஒட்டி வைக்கிற வழக்கம் சொல்லிக் குடுத்தாங்க, வாத்து எச்சத்துல வர்ற இன்னொரு புழுவோட குஞ்சு நத்தைக்குள்ள போய் மாட்டுப் புழுக்குஞ்ச தின்னுருமாம், இது போனஸ். மாட்டுக்கு தொட்டித் தண்ணி காட்டுங்க, சாணிய குட்டையில சேர விடாதீங்க, வரப்புப் புல்ல அறுத்தா தண்ணில நின்ன அடிப்பாகத்த விட்டுட்டு மேல அறுங்க.

மருந்துக்கு கறவை மாடுன்னு டாக்டர்கிட்ட சொல்லியே கேளுங்க, சிலது குடுத்தா பால் எடுக்கக்கூடாது. ஆக்ஸிக்ளோசனைடுங்கிற புழு மருந்து பெரிய புழுவத்தான் கொல்லும், ஈரலை துளைச்சிட்டு இருக்க குஞ்சு தப்பிச்சிடும், அதனால திரும்ப எப்ப குடுக்கணும்னும் கேட்டுக்குங்க. மத்த ரெண்டு மாட்டு சாணியையும் பாருங்க, புழு முட்டை இல்லன்னு ரிப்போர்ட் வந்தா நம்பிட்டு உக்காந்துராதீங்க, புழு உள்ள போயி மூணு மாசமாவது ஆனாத்தான் சாணில முட்டை தெரியும்.