மகளின் படிப்புக்கு ரோமானியக் காசு கைகொடுக்குமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 44. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஊரில் இருந்த நிலத்தில் என் பங்கை விற்றதில் 12 லட்சம் ரூபாய் வந்திருக்கிறது. ஒரே மகள், வயது ஒன்பது. கல்லூரிக்குப் போக இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே எனக்குப் பழைய காசுகள் மேல் ஆசை. கிரேக்கம், ரோம், குஷாணர் என்று உலக நாடுகளின் பழங்காசுகளில் 5 லட்சம் போட்டு வைத்தால் அவள் படிப்புச் செலவுக்கு ஆகுமா? இணையத்தில் பழக்கமான ஒரு வியாபாரி ஐந்து வருடத்தில் இரட்டிப்பாகும் என்கிறார். அப்புறம், அப்பா விட்டுப்போன தகர டப்பாவில் விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய் 140 இருக்கின்றன. கொஞ்சம் செப்புக் காசுகளும், ராமர் பட்டாபிஷேகம் போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு ஒன்றும் உண்டு. தெரிந்தவர் ஒருவர் மொத்தமாக 60,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: டப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதில்தான் அவசரம். கொடுக்காதீர்கள்.

நீங்கள் சொல்லும் அந்த மூன்று ஆட்சிகளின் வெள்ளி ரூபாய் ஒவ்வொன்றும் 11.66 கிராம் எடை. பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. அதாவது ஒரு ரூபாய்க்குள் சுமார் 10.69 கிராம் வெள்ளி இருக்கிறது. 140 ரூபாய்க்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வருகிறது. கிலோ வெள்ளி ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்ட காலம் இது. காசு என்று பார்க்காமல் உருக்கி விற்றாலே ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகும் பொருளை 60,000-க்குக் கேட்கிறார். அவருக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று நான் நினைக்கவில்லை. தேய்மானத்தில் எடை கொஞ்சம் குறைந்திருக்கலாம், நடுவில் ஒன்றிரண்டு போலியும் இருக்கலாம். அதையெல்லாம் கழித்தாலும் அவர் சொன்ன விலை பாதிக்கும் கீழே.

ஆனால் உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் ஆண்டையும் படித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் 1911 என்று போட்டது கிடைத்தால் தனியாக எடுத்து வையுங்கள். அரசர் அங்கியில் பொறித்த யானை பார்ப்பதற்குப் பன்றி போல இருக்கிறது என்று அந்தக் காலத்தில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அச்சடித்ததில் பெரும்பகுதியை வெளியே விடாமல் உருக்கிவிட்டு, அடுத்த வருடம் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். அதனால் 1911-க்குச் சேகரிப்பாளர்களிடம் தனி விலை உண்டு. விக்டோரியா காசுகளிலும் ஆண்டையும் நாணயசாலையையும் பொறுத்து விலை மாறும். அதனால்தான் இதை எடைக்கு எடை விற்கக் கூடாது.

ராமர் பட்டாபிஷேகக் காசு விஷயத்தில் ஏமாற்றம்தான். கம்பெனி மதராஸில் அடித்த வராகன் என்ற தங்கக் காசுகளில் சாமி உருவம் உண்மையிலேயே உண்டு. ஆனால் 1616, 1818, 1839 என்று ஆண்டு போட்டு, ராமரும் சீதையும் அனுமனும் உள்ள அரையணா, ஓரணாக் காசுகளைக் கம்பெனி அடிக்கவே இல்லை. அவை கோயில் வாசலில் விற்ற நினைவுப் பொருட்கள். பூஜையில் வைத்துக்கொள்ளலாம். லட்சக்கணக்கில் விலை போகும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி, விற்றுத் தருகிறோம் என்பவர்களுக்கு முன்பணம் மட்டும் கட்டிவிடாதீர்கள். தன் பெயரைச் சொல்லிப் பழைய காசுக்குக் கமிஷன் கேட்கும் மோசடி நடக்கிறது என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விட்டது.

இன்னொன்று: எதையும் தேய்க்காதீர்கள். நம் வீடுகளில் செம்பு என்றாலே கை புளிக்குப் போகும், வெள்ளி என்றால் விபூதிக்குப் போகும். காசு விஷயத்தில் அந்தப் பழக்கம் பணத்தைக் கழுவி ஊற்றுவதற்குச் சமம். செம்பின் மேல் நூற்றாண்டுக் கணக்கில் படிந்த கருமையும் பச்சையும் கலந்த மெருகைத்தான் சேகரிப்பாளர் தேடுகிறார். வெளிறிய பச்சை நிறத்தில் மாவு போல உதிர்ந்தால் மட்டும் அது நோய். அந்தக் காசைத் தனியே பிரித்து ஈரம் படாமல் வைத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

சரி, 5 லட்சத்துக்கு வருவோம். படிப்புப் பணத்தை இதில் போட வேண்டாம் என்பதே என் பதில். பழங்காசு மோசமான பொருள் என்பதற்காகச் சொல்லவில்லை, எனக்கும் அதன்மேல் பெரிய மதிப்பு உண்டு. உங்களுக்குப் பணம் தேவைப்படுவது ஒரு குறிப்பிட்ட ஜூன் மாதத்தில். காசுக்கு வாங்குபவர் எந்த மாதம் வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏலக் கணக்கைப் பாருங்கள். ஒரு காசு ஒரு லட்சத்துக்கு ஏலம் போகிறது என்று வையுங்கள். வாங்குபவர் அதன் மேல் ஏல நிறுவனத்துக்குத் தர வேண்டிய கட்டணம் பெரும்பாலும் 20 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். வரியை விட்டுவிட்டாலும் உங்கள் கையிலிருந்து போவது 1,20,000. பிறகு நீங்கள் விற்கும்போது விற்பவர் பங்காக ஒரு 10 விழுக்காடு கழிப்பார்கள். போட்ட 1,20,000-ஐ அப்படியே திரும்ப எடுக்கவே அந்தக் காசு 1,33,000-க்கு மேல் ஏலம் போக வேண்டும். ஒன்பது வருடத்தில் வருடத்துக்கு மூன்றேகால் விழுக்காடு ஏறினால்தான் நட்டமில்லாமல் வெளியே வரலாம். ஏழு விழுக்காடு வட்டி தரும் சாதாரண வைப்புத் தொகைக்கு ஈடாக வேண்டும் என்றால், காசின் விலை ஆண்டுக்குப் பத்தரை விழுக்காடு, ஒரு வருடம்கூட விடாமல் ஏற வேண்டும். ஐந்து வருடத்தில் இரட்டிப்பு என்று சொன்னவர் இந்தக் கழிவுகளைச் சொன்னாரா?

அயல்நாட்டுப் பழங்காசில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பலருக்கு அது வாங்கிய பிறகுதான் தெரியவருகிறது. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி நூறு வயதைத் தாண்டிய எந்தக் காசும் தொல்பொருள். அந்த வரையறையில் இந்தியக் காசு, ரோமானியக் காசு என்ற பிரிவு கிடையாது. தொல்பொருளைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். ஆக, லண்டனிலோ ம்யூனிக்கிலோ பவுண்டும் யூரோவும் கொடுத்து, சுங்கத்தில் வரியும் கட்டிக் கொண்டுவருவீர்கள். விற்கும்போது இந்தியாவுக்குள்தான் ஆள் தேட வேண்டும். பண்டைய ஏதென்ஸ் நகரம் ஆந்தை உருவம் பொறித்து அடித்த வெள்ளிக் காசுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கில் ஆள் இருக்கலாம். இங்கே அதே விலை கொடுப்பவர் மிகச் சிலர்.

அந்த ஆந்தைக் காசே நல்ல பாடம். இரண்டாயிரத்து நானூறு வருடப் பழமை, 17 கிராமுக்கு மேல் வெள்ளி, உலகமெங்கும் பெயர். சில வருடங்களுக்கு முன் புதையலாகக் கிடைத்தவை ஒரே சமயத்தில் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன, விலை இறங்கியது. பழமை கூடக் கூட விலையும் கூடும் என்று ஒரு விதி கிடையாது. கி.பி. நான்காம் நூற்றாண்டின் சின்ன ரோமானியச் செப்புக் காசு ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கும்.

போலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1988-ல் கருங்கடல் புதையல் என்ற பெயரில் அப்பொலோனியா, மெசெம்பிரியா என்ற பண்டைய கிரேக்க நகரங்களின் வெள்ளிக் காசுகள் சந்தைக்கு வந்தன. வாழ்நாள் முழுவதும் கிரேக்கக் காசையே பார்த்தவர்கள் அசல் என்றும் நகல் என்றும் இரண்டு பட்டு வாதாடினார்கள். கடைசியில் நம் காலத்து அச்சில் அடித்தவை என்று முடிவானது. தரச் சான்று நிறுவனம் பிளாஸ்டிக் பெட்டியில் பூட்டித் தந்திருக்கிறதே என்பீர்கள். அப்படிச் சான்று தரும் அமெரிக்க நிறுவனமான என்ஜிசி, பழங்காலக் காசுகளை ஆராய்ந்து தரம் பிரித்தாலும், அவை அசல் என்று நெடுங்காலம் உத்தரவாதம் தரவில்லை. வாங்கும் முன் உத்தரவாத நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள்.

அசலாகவே இருந்தாலும் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஜூலியஸ் சீசரைக் கொன்றதைக் கொண்டாடி புரூட்டஸ் வெளியிட்ட தங்கக் காசு ஒன்று 2020-ல் லண்டன் ஏலத்தில் 40 லட்சம் டாலருக்கு மேல் போனது. பழைய உரிமையாளர் பற்றிச் சொன்ன வரலாறு பொய் என்று தெரிந்து, ஏல நிறுவனத்தின் தலைவர் நியூயார்க்கில் கைதானார். 2023-ல் காசு கிரீஸ் நாட்டிடம் போய்ச் சேர்ந்தது. நம் பக்கத்திலும் இது நடக்காத கதையில்லை. கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்தது என்று மண்ணோடு காசு காட்டுவார்கள். 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து எடுத்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. மண் ஒட்டிய காசை வாங்காதீர்கள்.

படிப்புக்கு என்ன செய்வது? உங்கள் மகளுக்குப் பத்து வயது முடிவதற்குள் அஞ்சலகத்துக்குப் போய்ச் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்குங்கள். பத்து வயது தாண்டிவிட்டால் தொடங்க முடியாது. 2024 ஜனவரியில் அதன் வட்டியை 8.2 விழுக்காடாக உயர்த்தினார்கள். அரசு காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை அறிவிக்கிறது. வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம், வட்டிக்கு வரி கிடையாது. பதினெட்டு வயதில் மேற்படிப்புக்காக இருப்பில் பாதி வரை எடுக்கலாம். மீதிப் பணத்தில் ஆறு மாதக் குடும்பச் செலவை வங்கியில் ஒதுக்கிவிட்டு, ஒரு பகுதியை, பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் பிரித்துப் போடுங்கள். கல்லூரிக்கு மூன்று வருடம் இருக்கும்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வைப்புத் தொகைக்கு மாற்றிவிடுங்கள். இதில் புதுமை ஒன்றும் இல்லை, ஆனால் கட்டணம் கட்டும் தேதியில் பணம் இருக்கும்.

ஆசையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதை விட வேண்டாம். சம்பளத்திலிருந்து மாதம் மூவாயிரம் ஒதுக்குங்கள். முதல் ஆறு மாதம் காசு வாங்காமல் புத்தகம் வாங்குங்கள், எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் நாணயப் பிரிவைப் பாருங்கள், மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சங்கத்தில் சேருங்கள். நான்கு பேர் கையில் அசலைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கண் பழகும்.

உலகக் காசு என்று எல்லாத் திசையிலும் ஓடாமல் ஒரு நூலைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், தமிழ் மண்ணுக்கு வணிகத்தில் வந்த ரோமானியக் காசு வகைகளைச் சொல்வேன். தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், திபேரியஸ் இருவருடையவைதான் மிகுதி. அகஸ்டஸின் பேரப்பிள்ளைகள் இருவர் கேடயத்தோடு நிற்பது ஒன்று, அமர்ந்த பெண்ணுருவம் உள்ள திபேரியஸ் காசு இன்னொன்று. 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகளில் பலவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். மறுபடியும் புழக்கத்துக்குப் போகாமல் இருக்க வெட்டினார்களா என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதை தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால், இந்த இரண்டு வகைக்கும் உள்ளூரிலேயே வாங்க ஆள் உண்டு. வெள்ளி என்பதால் உங்கள் மூவாயிரத்தைச் சில மாதம் சேர்த்தால் எட்டிவிடும்.

ரசீது இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். தொல்பொருள் விற்பனையைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். அதைக் கேட்டுப் பாருங்கள், தயங்கினால் வேறு கடைக்குப் போங்கள். மலிவான பிவிசி உறையில் காசைப் போட்டால் சில வருடத்தில் பச்சைப் பசை பிடிக்கும். மைலார் என்ற பாலியெஸ்டர் உறை வாங்குங்கள்.

அப்பாவின் ரூபாய்களை விற்பதாக முடிவு செய்தால் வருமான வரியையும் பார்க்க வேண்டும். அவர் 2001 ஏப்ரலுக்கு முன் சேர்த்தவை என்றால், 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். ஆதாயத்துக்கு 12.5 விழுக்காடு வரி வரும். அப்பா வைத்திருந்த காலமும் உங்கள் கணக்கில் சேரும். அதற்குள் 60,000 சொன்னவர் மறுபடியும் கேட்டால், காசுகளைப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் ஆண்டுவாரியாக விலை சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.