“முட்டி வலிக்குது, எப்படி ஆக்திஃப்பா இருக்கிறது?”

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தாதி ஒருவரின் பதில்கள்

கேள்வி: சிஸ்டர், நான் தாதி வேலை பார்த்துக்கொண்டே முதுகலை படிக்கிறேன். நோயாளிகள் தங்கள் சிகிச்சையில் எவ்வளவு ஈடுபாடு காட்டுகிறார்கள் என்று அளக்கும் ஆங்கிலக் கேள்வித்தாள் ஒன்றை மலாய்க்குக் கொண்டுவருகிறேன். இருவர் மலாயில் மொழிபெயர்த்தார்கள். வேறு இருவர், மூலத்தைப் பார்க்காமலேயே அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினார்கள். கிட்டத்தட்ட மூலம் போலவே வந்துவிட்டது. இனி நேராக 200 நோயாளிகளிடம் கொடுத்துவிடலாமா?
வாசகி, கோலாலம்பூர்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்.

31 ஆண்டுகள் தாதியாக இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு இந்த மறுமொழிபெயர்ப்பு வேலையை நானும் சில ஆய்வுகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். அதில் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ‘என் உடல்நலப் பராமரிப்பில் நான் ஆக்திஃப் ஆக இருக்கிறேன்’ என்று மலாயில் ஒரு வரி. நான் அதை ஆங்கிலமாக்கியபோது ‘ஆக்டிவ்’ என்றே வந்தது. மூலத்திலும் அதே சொல்தான். கூட்டத்தில் எல்லாருக்கும் திருப்தி.

பிறகு வடக்கே ஒரு சுகாதார கிளினிக்கில், அறுபது வயது தாண்டிய மலாய் மாக்சிக் (அம்மா) ஒருவரிடம் அதே தாளைக் கொடுத்தோம். காலில் கட்டு. இனிப்பு நீர்ப் புண். அந்த வரியைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, “லுத்துட் சாக்கிட், மாச்சாம் மானா நாக் ஆக்திஃப்?” என்று கேட்டார். முட்டி வலிக்குது, எப்படி ஆக்திஃப்பா இருக்கிறது என்று. ‘சம்மதமில்லை’யைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டார்.

அவர் பையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் பார்த்த சர்க்கரை அளவு பென்சிலில் வரிசையாக எழுதியிருந்தது. நோன்பு மாதத்தில் இன்சுலினை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று டாக்டரிடம் தானாகவே கேட்டவர் அவர். அன்று அந்த கிளினிக்கில் அவரைவிட ஈடுபாடு உள்ள நோயாளியை நான் பார்க்கவில்லை. எங்கள் தாளோ அவருக்கு ஆகக் குறைந்த மதிப்பெண்ணைக் கொடுத்தது.

இதை எந்த மறுமொழிபெயர்ப்பும் பிடித்துத் தந்திருக்காது. திருப்பி எழுதுகிறவருக்கு ஆங்கிலம் தெரியும், ஆய்வுக்காரர்கள் பேசும் பேச்சும் தெரியும். மூலத்தில் என்ன இருந்திருக்கும் என்று கை தானாகவே ஊகித்துவிடும். அதனால் பத்துப் பன்னிரண்டு நோயாளிகளுடன் தனித்தனியாக உட்காருங்கள். “இந்த வரி உங்களுக்கு என்ன சொல்கிறது? உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்” என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். 2000-இல் வெளிவந்து இன்றும் பலர் பின்பற்றும் வழிகாட்டி ஒன்று, இறுதி முன்சோதனைக்கு 30 முதல் 40 பேர் வேண்டும் என்கிறது. பெரிய ஆய்வை அதற்குப் பிறகு ஆரம்பியுங்கள்.

நாங்கள் கடைசியில் ‘ஆக்திஃப்’பை எடுத்துவிட்டு ‘இக்தியார்’ என்ற சொல்லை வைத்தோம். நம்மால் முடிந்த முயற்சியை நாம் செய்வது, மீதியை இறைவனிடம் விடுவது என்று மலாய்க்காரர்கள் அன்றாடம் பேசும் சொல் அது. எல்லாருக்கும் சட்டென்று புரிந்தது. ‘நான் குணமாவது என் பொறுப்பு’ என்ற மாதிரி வரி உங்கள் தாளில் இருந்தால் அங்கேயும் இதையே நினைவில் வையுங்கள். குணம் தருவது ஆண்டவன் என்று நம்புகிறவர் அந்த வரியில் தயங்கினால், அவரை ஈடுபாடு இல்லாதவர் என்று எண்ணிவிடாதீர்கள்.

‘ஹாத்தி’யிலும் கவனம் வேண்டும். அந்தச் சொல்லுக்கு ஈரல் என்று பொருள், ஆனால் மனம் என்ற இடத்திலும் அதுதான் நிற்கும். ‘சாக்கிட் ஹாத்தி’ என்றால் மனம் நொந்து கோபமாக இருப்பது. இதய நோய்க்கு ‘ஜந்தோங்’ என்றுதான் வர வேண்டும். ஆங்கிலத்தில் ‘வீ’ வரும் இடத்தில் ‘கித்தா’வா ‘காமி’யா என்றும் பாருங்கள். நமக்கு நாம், நாங்கள் என்ற வித்தியாசம் பழக்கம்தானே. டாக்டரையும் சேர்த்து ‘நாம் முடிவு செய்தோம்’ என்பதற்கும், டாக்டரை விட்டுவிட்டு ‘நாங்கள் முடிவு செய்தோம்’ என்பதற்கும் இடையில்தான் நீங்கள் அளக்கப்போகும் விஷயமே இருக்கிறது.

மூலத்தை எழுதியவரின் அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறதா? சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் செய்வதானால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் முதலில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: க்ரோன்பாக் ஆல்ஃபா 0.91 வந்தது. கேள்வித்தாள் செல்லுபடியாகும் என்று எழுதலாமா?
வாசகர், பினாங்கு

பதில்: எழுத முடியாது. கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே அந்த எண் சொல்லும். 0.70-க்கு மேல் வந்தால் ஏற்கலாம் என்பது வழக்கம். ஆனால் படிக்காமலேயே மேலிருந்து கீழ்வரை ‘செத்துஜு’ (சம்மதம்), ‘செத்துஜு’ என்று ஒரே பத்தியில் வட்டம் போடுகிறவர்கள் நிறைய இருந்தாலும் அது ஏறும். நம் கிளினிக்குகளில் பெரியவர்கள் மரியாதைக்காகவே சம்மதம் என்பார்கள். எந்தக் கேள்விகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே விஷயத்தை அளக்கின்றன என்று காட்டும் காரணிப் பகுப்பாய்வு செய்யுங்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, தவணைக்கு வருகிறாரா என்பதோடு மதிப்பெண்ணை ஒப்பிட்டும் பாருங்கள்.

கேள்வி: என் அம்மா தோட்டத்தில் வளர்ந்தவர். மலாய் பேசுவார், படிக்கத் தெரியாது. கிளினிக்கில் இப்படி ஒரு மலாய்த் தாளைக் கொடுத்தார்கள். நான் தமிழில் சொல்லிச் சொல்லி நிரப்பினேன். செய்தது சரியா?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அந்தத் தாளில் இருப்பது அம்மாவின் பதிலும் உங்கள் தமிழும் கலந்தது. சோதித்துப் பார்த்தது மலாய் வரிகளை மட்டும்தான். நீங்கள் அந்த நிமிடத்தில் சொன்ன தமிழை யாரும் சோதிக்கவில்லை. மகள் பக்கத்தில் இருக்கும்போது “மாத்திரையை விட்டுவிடுவேன்” என்று எந்த அம்மா சொல்வார்?

அடுத்த முறை, மலாயிலேயே வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லி அங்கிருக்கும் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) கேளுங்கள். பேச்சு மலாய் அம்மாவுக்குப் போதும். நீங்கள் வெளியே உட்காருங்கள். புரியாத வரி வந்தால் ‘புரியவில்லை’ என்று சொல்லும்படி அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். அவர் எந்த வரியில் அப்படிச் சொன்னார் என்பதைத் தாளின் ஓரத்தில் எழுதிவைக்கும்படி மிஸ்ஸியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.