பீரங்கி அனுப்பிய நாடகக்காரர்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் புரட்சி என்றால் வாஷிங்டன், ஜெபர்சன் என்றுதான் படித்திருக்கிறோம். துப்பாக்கியும் வெடிமருந்தும் எங்கிருந்து வந்தன? கப்பல் பிடித்து அனுப்பியது யார்?

– ஒரு கல்லூரி மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

1775 ஆகஸ்டில் பாஸ்டனை முற்றுகையிட்டிருந்த வாஷிங்டன், 300 பீப்பாய் வெடிமருந்து கையில் இருப்பதாக நம்பியிருந்தார். எண்ணிப் பார்த்தால் இருந்தது 36தான். ஆளுக்கு ஒன்பது தோட்டாகூடத் தேறாது. அந்த நிலையில் கை கொடுத்தவர்களில் முதன்மையானவர் பொமார்ஷே. பாரிஸில் கடிகாரம் செய்பவரின் மகன், புகழ்பெற்ற நாடக ஆசிரியர்.

பிரான்ஸ் அரசு வெளிப்படையாக உதவினால் இங்கிலாந்தோடு போர் மூளும். அதனால் 1776 ஜூன் 10 அன்று பொமார்ஷேவின் கையில் ரகசியமாகப் பத்து லட்சம் லிவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) கொடுத்தார்கள். ஸ்பெயினும் அதே அளவு தந்தது. மேற்கொண்டு வணிகர்களையும் சேர்த்துக்கொண்டு, 'ரோட்ரிக் ஓர்த்தாலெஸ்' என்ற பெயரில் ஒரு கம்பெனியைத் தொடங்கினார். அரசின் ஆயுதக் கிடங்குகளிலிருந்து சரக்கு வாங்கிக் கடல் கடந்து அனுப்புவது, அமெரிக்கர்கள் பதிலுக்குப் புகையிலை அனுப்புவது. ஏற்பாடு இதுதான்.

அந்த டிசம்பரில் பிரான்ஸின் லெ ஆவ்ர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுவதை மேற்பார்வையிட 'துரான்' என்ற பொய்ப் பெயரில் போனார். ஊரில் அவருடைய 'செவில் நகரத்து நாவிதன்' நாடகத்துக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நடிகர்கள் சொதப்புவதைப் பார்த்துப் பொறுக்காமல் தானே நின்று சொல்லிக்கொடுத்தார். அப்புறம் வேஷம் எங்கே நிற்கும்? ஆங்கிலத் தூதர் புகார் செய்ய, கப்பல்களை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. 'ஆம்பித்ரித்' கப்பல் அதற்குள் கிளம்பிவிட்டது. ஆனால் அதில் போன ஒரு பீரங்கிப்படை அதிகாரி, வசதி போதவில்லை என்று கப்பலைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்! எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது. அங்கே அமெரிக்காவில் ஒரு படை வெடிமருந்துக்காகக் காத்துக் கிடந்தது.

எப்படியோ மறுபடி புறப்பட்டது. 1777 மார்ச்சில் 'மெர்க்யூர்' சுமார் 12,000 துப்பாக்கிகளோடும், ஏப்ரலில் 'ஆம்பித்ரித்' ஐம்பதுக்கும் மேற்பட்ட பீரங்கிகளோடும் அமெரிக்காவின் போர்ட்ஸ்மத் துறைமுகம் சேர்ந்தன. அந்த அக்டோபரில் சரடோகாவில் ஆங்கிலப் படை சரணடைந்ததில் இந்தச் சரக்குக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்த ஆண்டு பிரான்ஸே போரில் இறங்கியது. அந்தப் போர்தான் 1778இல் நம் புதுச்சேரி வரை வந்து, ஆங்கிலேயர் அதை முற்றுகையிட்டுப் பிடித்தார்கள்.

புகையிலை மட்டும் ஒழுங்காக வந்து சேரவில்லை. சரக்கெல்லாம் மன்னரின் நன்கொடை, விலை தர வேண்டியதில்லை என்று ஐரோப்பாவில் அமெரிக்கர்களின் பிரதிநிதியாக இருந்த ஆர்தர் லீ, அவர்களுடைய ஆட்சி மன்றமான காங்கிரஸுக்கு எழுதிவிட்டார். மன்னர் ரகசியமாகப் பணம் கொடுத்தது உண்மைதான். ஆனால் பொமார்ஷே வெளியே வாங்கிச் செலவழித்தது? அதற்கும் சேர்த்தே கையை விரித்தார்கள். 1795இல் ஹாம்பர்க்கில் அகதியாக இருந்தபோது, மகளின் சீருக்காவது கொடுங்கள் என்று அமெரிக்க மக்களுக்கு எழுதினார். நான்கு ஆண்டுகளில் இறந்துபோனார். வாரிசுகளுக்கு 1835இல்தான் எட்டு லட்சம் பிராங்க் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள்.