தம்பிக்கு டகயாசு நோய் என்கிறார் டாக்டர். இணையத்தில் உள்ள பட்டியலில் கூட்டிப் பார்த்தால் 4 மதிப்பெண்தான் வருகிறது, 5 வேண்டுமாம். எதை நம்புவது?

டாக்டரை நம்புங்கள். (தெரியாதவர்களுக்கு: டகயாசு என்பது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியும் அதன் கிளைகளும் அழற்சியால் சுருங்கும் நோய்.) பட்டியல் தப்பில்லை. ஆனால் அது உங்கள் தம்பிக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்கப் போட்ட பட்டியல் இல்லை, ஆய்வில் சேர்க்க நோயாளிகளைப் பிரித்தெடுக்கப் போட்டது.

நான் டாக்டர் இல்லை. புதுச்சேரியில் ரத்தக்குழாய் அழற்சி பற்றிய ஓர் ஆய்வில் படிவம் நிரப்புவதும் கணக்குப் போடுவதும் என் வேலை. அதனால் இந்தப் பட்டியலோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன்.

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவு: தம்பிக்கு 26 வயது. இடது கையில் நாடி மங்கல். இரண்டு கைக்கும் பி.பி. 20க்கு மேல் வித்தியாசம். சி.டி. ஆஞ்சியோவில் இடது கைக்குப் போகும் சப்கிளேவியன் குழாய் அழற்சியால் சுருங்கியிருக்கிறது. 2022இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட ஏசிஆர்-யூலார் பட்டியல்படி நாடிக்கு 2, பி.பி.க்கு 1, ஒரு குழாய்க்கு 1. மொத்தம் 4, சரிதான். ஆனால் அதே பட்டியலில் பெண் என்றால் 1 உண்டு. இதே நாடி, இதே பி.பி., இதே சுருக்கம் உங்கள் தங்கைக்கு இருந்திருந்தால் 5 வந்திருக்கும். இந்த நோய் பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருவதால் கணக்கில் அப்படி விழுந்திருக்கிறது. அதற்காகத் தம்பியின் குழாய் சுருங்காமலா போய்விடும்? 1990இல் வந்த பழைய பட்டியலில் ஆறு அம்சங்களில் மூன்று இருந்தால் போதும். இளம் வயதையும் சேர்த்தால் தம்பிக்கு அதில் நான்கு இருக்கிறது.

புதுப் பட்டியல் எப்படி வந்தது என்று தெரிந்தால் குழப்பம் பாதி குறையும். 2011 முதல் 2017 வரை 32 நாடுகளில் 6,991 பேரின் விவரத்தைத் திரட்டினார்கள். டகயாசுவை உறுதிப்படுத்த ஒரு ரத்தப் பரிசோதனையும் கிடையாது. எனவே நிபுணர்கள் விவரங்களைப் படித்து, யாருக்கு என்ன நோய் என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவுதான் உரைகல். ஒரு பகுதி நோயாளிகளை வைத்து மதிப்பெண்களை உருவாக்கி, தனியே எடுத்து வைத்த வேறு சிலரிடம் சோதித்தார்கள். அந்தச் சோதனையில் டகயாசு நோயாளிகள் 146 பேர், வேறு ரத்தக்குழாய் அழற்சி உள்ளவர்கள் 127 பேர். 146 பேரில் 137 பேரைப் பட்டியல் பிடித்தது, 9 பேரை விட்டுவிட்டது. 127 பேரில் ஒருவரைத்தான் தவறாக டகயாசு என்றது. அதாவது நுழைவுத்தேர்வு கட்ஆஃப் மாதிரி: நோய் இல்லாத ஒருவர் ஆய்வுக்குள் வந்துவிடக் கூடாது என்று கோட்டைக் கொஞ்சம் உயர்த்திப் போட்டிருக்கிறார்கள். வெளியே நின்ற 9 பேருக்கும் நோய் இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று. உங்கள் 4 முழுக் கணக்குதானா என்பதே எனக்குச் சந்தேகம். காறையெலும்புக்கு மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, மூச்சை அடக்கச் சொல்லிக் கேட்டால், நாடித் துடிப்போடு சேர்ந்து 'உஸ் உஸ்' என்று ஒரு சத்தம் வரலாம். அதற்கு மட்டும் 2 மதிப்பெண். மின்விசிறி இரைச்சலும் டோக்கன் கூப்பிடும் குரலும் நிறைந்த ஓ.பி.யில் அதைக் கேட்பது லேசுப்பட்ட காரியமில்லை. எங்களுக்கு வரும் படிவங்களில் பல சமயம் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். காலிக்கும் பூஜ்யம்தான் மதிப்பெண். என்னைக் கேட்டால் இந்த ஆய்வுகளின் பலவீனமான இடம் அதுதான். அப்புறம், பைக்கில் கிளட்ச் பிடித்துப் பிடித்து விடும்போது தம்பிக்கு இடது கை கடுத்துப்போய், சற்று ஓய்வு கொடுத்தால் சரியாகிறதா? டாக்டரிடம் அதைச் சொன்னாரா? அதற்கும் 2 உண்டு.

நம் நாட்டுக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. இங்கே டகயாசு பல பேருக்கு வயிற்று மகாதமனியிலும் சிறுநீரகக் குழாயிலும் வருகிறது. சின்ன வயதில் பி.பி. எகிறுவதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். புதுப் பட்டியல் அந்தச் சேர்க்கைக்கு 3 மதிப்பெண் தருகிறது, நல்ல விஷயம். ஆனால் காசநோயும் மகாதமனியைத் தாக்கும், படத்தில் ஏமாற்றும். அப்படிப்பட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் தரப்பில் வைத்து நம் ஊர் மருத்துவமனைகளில் சோதித்தால்தான் பட்டியலின் உண்மையான பலம் தெரியும். பட்டியலை உருவாக்கியவர்களே சொல்வது இது: டாக்டர் அழற்சி என்று முடிவு செய்து, அதைப்போல் தோன்றும் மற்ற நோய்களை விலக்கிய பிறகுதான் இதைப் பயன்படுத்த வேண்டும். நீங்கள் பின்னாலிருந்து முன்னால் வந்திருக்கிறீர்கள்.

இன்னும் மனசு ஆறவில்லை என்றால் கடலூரிலிருந்து பஸ் ஏறி வாருங்கள். கோரிமேட்டில் ஜிப்மரில் இந்த மாதிரி நோய்களைப் பார்க்க கிளினிக்கல் இம்யூனாலஜி என்று தனித் துறையே இருக்கிறது. ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, ஆஞ்சியோ படங்கள் உள்ள குறுந்தகடையும் வாங்கி வாருங்கள். மதிப்பெண் குறைகிறது என்று ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது.