2/3-ம் 4/6-ம் ஒன்றா? – வாசகர் கேள்வி பதில்

கே: ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்குத் தட்டுவடையை உடைத்துக் காட்டிப் பின்னம் சொல்லிக்கொடுத்தேன். 2/3-ம் 4/6-ம் சமம் என்றால் நம்ப மறுக்கிறாள். 'மேலேயும் கீழேயும் ரெண்டால பெருக்கு' என்றால் மட்டும் விடை எழுதிவிடுகிறாள்.
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

ப: தட்டுவடை, நடுவில் காய்கறி வைத்துத் தின்னும் 'செட்'டுக்குச் சரி, பின்னத்துக்கு ஆகாது. வட்டத்தைச் சரிசமமாக மூன்றாக உடைக்கப் பெரியவர்களுக்கே வராது. ஒரு வடைபோல் இன்னொன்றும் இருக்காது. முழுசே ஒரே அளவில் இல்லாதபோது அவள் நம்ப மறுப்பது நியாயம்தான்.

சார்ட் அட்டையில் 24 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் ஆறு பட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில். 2, 3, 4, 6, 12 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும் என்பதால்தான் 24. ஒன்றை முழுசாக விட்டுவிட்டு, மற்ற ஐந்தை முறையே 12, 8, 6, 4, 2 செ.மீ. துண்டுகளாக்கி, மேலே 1/2, 1/3, 1/4, 1/6, 1/12 என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். ஸ்கேலில் கோடு போட்டுத்தான் வெட்ட வேண்டும். மடித்து வெட்டினால் அரையும் காலும் சரியாக வரும், மூன்றாக மடிக்கும்போது சறுக்கும். துண்டுக்கு 2 மி.மீ. குறைந்தாலே மூன்று சேரும்போது 6 மி.மீ. இடைவெளி. 'பாத்தியா, சமமில்ல' என்று முடிவுகட்டிவிடுவாள்.

இரண்டு 1/3 துண்டுகளை வரிசையாக வைத்து, கீழே 1/6 துண்டுகளை நெருக்கி அடுக்கட்டும். நான்காவது துண்டோடு இரண்டு வரிசையும் ஒரே இடத்தில் முடியும். அப்போது கேளுங்கள்: "துண்டு ரெண்டு மடங்காச்சே, நீளம் கூடுச்சா கண்ணு?" பெருக்கல் விதியை அதற்கப்புறம் சொன்னால் போதும். மேலும் கீழும் ஒன்று கூட்டி 2/3 = 3/4 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய; 16 செ.மீ.யையும் 18 செ.மீ.யையும் பக்கத்தில் வைத்தால் தானே திருத்திக்கொள்வார்கள்.

கே: இதையே விளையாட்டாக்க முடியுமா? வீட்டில் இரண்டு பிள்ளைகள்.
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

ப: ஆளுக்கு ஒரு செட், 27 துண்டுகள். பகடையின் ஆறு முகங்களில் 1/2, 1/3, 1/4, 1/6, 1/12, 1/12 என்று ஒட்டுங்கள். முழுப் பட்டையை இரண்டு 1/2 துண்டுகளால் மூடி ஆரம்பம். விழுந்த துண்டு பட்டையில் இருந்தால் எடுத்துவிடலாம். இல்லையென்றால் ஏதாவது ஒரு துண்டைக் கொடுத்துச் சம நீளத்துக்கு வேறு துண்டுகளை மாற்றிக்கொள்ளலாம். ஒரு முறைக்கு ஒரு வேலைதான். பட்டையை முதலில் காலி செய்தவர் ஜெயித்தார். 1/2-ஐக் கொடுத்து ஒரு 1/3-ம் ஒரு 1/6-ம் கேட்டால் தடுக்காதீர்கள், 12 செ.மீ. சரியாக இருக்கிறது.

கே: ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்தாவது வந்ததும் 'கால்வாசி வந்துட்டோம்' என்கிறான் மகன். சரியா?
– வாசகி, ஏற்காடு

ப: வளைவுக் கணக்கில் சரி, 5/20 = 1/4. தூரக் கணக்கில் இல்லை. வளைவுகள் சம இடைவெளியில் அமைந்தவை அல்ல. அடுத்த முறை எட்டாவது வளைவில் கேளுங்கள், 2/5 வருகிறதா பார்ப்போம். ஏழாவதில் கேட்டால் திணறுவான், 7/20 சுருங்காது. அதையும் ஒரு தடவை கேட்டுவையுங்கள்.