மூன்றாம் மணிக்குப் பிறகு போங்கள்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 34 வயது. சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் ஒரு கிராமம். கணவருக்கு மின்வாரியத்தில் வேலை. மாற்றலாகித் தருமபுரிக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரே பையன், ஏழு வயது. ஆட்டிசம். நாலைந்து வார்த்தை பேசுவான். சந்தோஷம் வந்தாலும் பயம் வந்தாலும் ஒரே மாதிரி கத்துவான். எது எதற்கான கத்தல் என்று எனக்குத்தான் தெரியும்.

ஊரில் எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் அவன் கத்தினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். என் தாத்தா அந்தக் கோயிலில் மணியடித்தவர். ஆராதனை தொடங்கும்போது அடிக்கும் மூன்றாம் மணிக்குப் பிறகு வருகிறவன் ஆராதனைக்கு வரவில்லை, வேடிக்கை பார்க்க வருகிறான் என்பார். கோயிலில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனத்தன்று பையனை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பந்தி முடிந்த பிறகுதான் என் கைக்கு வருவான்.

இங்கே முதலில் எங்கள் புராட்டஸ்டண்ட் சபைப் பிரிவுக் கோயிலுக்குத்தான் போனோம். "எந்த ஊர்?" என்றார்கள். அடுத்த வாரம், "அந்த ஊரில் எந்தத் தெரு?" தெருவை ஏன் கேட்கிறார்கள் என்று நம் ஆட்களுக்குத் தெரியும். மூன்றாவது வாரம் ஜெப நேரத்தில் பையன் கத்தினான். கமிட்டிக்காரர் ஒருவர் வந்து, "வெளியே வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் வசதி" என்று மெதுவாகச் சொன்னார். வெளியே வந்தவள்தான், திரும்பப் போகவில்லை.

அடுத்தது ஒரு மாடி ஹாலில் நடக்கும் சபை. டிரம்ஸ் தொடங்கியதும் பையன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் தலையை முட்டினான். பாஸ்டரும் நாலு பேரும் அவனைப் பிடித்துத் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். தலைமுறைச் சாபமாம், உபவாசம் இருந்து பாவத்தை அறிக்கையிட வேண்டுமாம். அன்று ராத்திரி முழுக்க அவன் தூங்கவில்லை.

கடைசியாகப் பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்குக் கூட்டிப் போனார். பையன் மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்தான்! ஒரு பாட்டி நகர்ந்து இடம் கொடுத்தார். அப்புறம் அவன் கத்திவிட்டான், நான் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். போனில் சொன்னபோது அம்மா, "பூசைக்கா போன?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. "யூடியூபில் ஆராதனை பார்த்துக்கலாம், எதுக்கு இந்தப் பாடு" என்கிறார் கணவர்.

ஆறு மாதமாக எங்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மணிச்சத்தம் கேட்டால் மிக்சியைப் போட்டுவிடுகிறேன். எங்களுக்கென்று இந்த ஊரில் ஒரு கோயில் கிடைக்குமா?

— பெயர் வேண்டாம், தருமபுரி

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த மாடி ஹால். ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. சாபமும் இல்லை, நீங்கள் செய்த எதனாலும் வந்ததும் இல்லை. தொடுதலும் சத்தமும் தாங்காத பிள்ளையை ஐந்து பேர் பிடித்து அமுக்கினால், அவர்கள் மனதில் அன்பே இருந்தாலும், அவனுக்கு அது அடிதான். இனி யார் ஜெபிக்க வந்தாலும் தள்ளி நின்று ஜெபிக்கச் சொல்லுங்கள். கேட்காத இடத்துக்குப் போக வேண்டாம்.

தெருக் கேள்வியை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அது சின்ன விஷயமில்லை. பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. "இப்போ தருமபுரிதாங்க" என்று சிரித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். மறுபடி கேட்பவரிடம் மறுபடியும் அதையே சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. 2011 கணக்கெடுப்பின்படி தூத்துக்குடி மாவட்டத்தில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் கிறிஸ்தவர். தருமபுரியில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. உங்கள் கிராமத்தில் கோயிலும் ஊரும் ஒன்று. பையனை வாரம் முழுக்கத் தெருவில் பார்த்தவர்கள்தான் ஞாயிறு பக்கத்தில் உட்கார்ந்தார்கள், அதனால்தான் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தப் பக்கமும் கோவிலூர், எலத்தகிரி மாதிரி கத்தோலிக்கர்கள் தலைமுறையாகச் சேர்ந்து வாழும் ஊர்கள் இருக்கின்றன. ஆனால் தருமபுரி டவுனில், அதிலும் உங்கள் சபைப் பிரிவில், பல பேர் உங்களைப் போலவே வேலைக்காக வந்தவர்கள். வாரத்தில் ரெண்டு மணி நேரம் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, மட்டன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள். நாசரேத்தில் பிறந்ததாலேயே கிடைத்ததை இங்கே ஆள் ஆளாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆள் சேரும் இடம் ஆராதனை அல்ல, அது முடிந்த பிறகு முற்றத்தில் நிற்கும் அந்தப் பத்து நிமிடம். உங்கள் கடிதத்தை ரெண்டு முறை படித்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் கடைசியாகப் போனபோது நீங்கள் அந்தப் பத்து நிமிடம் வரை இருந்ததாகத் தெரியவில்லை. இதை உங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. கத்துகிற பிள்ளையோடு யார்தான் நிற்பார்கள்?

அதனால் தலைகீழாகச் செய்து பார்ப்போம். ஆட்டிசப் பிள்ளைகளுக்குச் சட்டை போடப் பழக்கும்போது கடைசிப் பொத்தானிலிருந்து தொடங்குவது உண்டு. மற்றதை நாம் போட்டுவிடுவோம், கடைசிப் பொத்தானை மட்டும் பிள்ளை போடும். வேலையை முடித்த சந்தோஷம் அவனுக்குக் கிடைக்கும். அதன்பின் ஒவ்வொரு பொத்தானாகப் பின்னால் போவோம். கோயிலையும் அப்படிப் பழக்கலாம். கடைசிப் பாட்டுக்குப் போங்கள். ஆசீர்வாதம் வரை ஐந்து நிமிடம், அப்புறம் முற்றம். சில வாரம் சரியாகப் போனால் பிரசங்கத்தின் முடிவுக்கு. இன்னும் சில வாரம் கழித்து அதற்கும் முன்னால். அவன் களைத்துப்போவதற்குள் ஆராதனை முடிந்துவிடும், நீங்கள் ஓட வேண்டியிருக்காது. தாத்தாவின் மூன்றாம் மணியைக் கொஞ்ச காலம் மீறித்தான் ஆக வேண்டும். மணியடித்தவர்தானே, கொள்ளுப்பேரனுக்காக ஒத்துக்கொள்வார்.

அதற்கு முன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆள் இல்லாதபோது அவனைக் கூட்டிப் போய்ச் சுற்றிக் காட்டுங்கள். வாசல், பெஞ்சு, பீடம் என்று நாலு போட்டோ எடுத்து, ஞாயிறு கிளம்பும் முன் வரிசையாகக் காட்டுங்கள். சத்தம் குறைக்கும் இயர்மஃப் வாங்கி வீட்டிலேயே மாட்டிப் பழக்குங்கள். வாசலோரக் கடைசி பெஞ்சு, ஸ்பீக்கருக்கு எதிர்ப்பக்கம்.

எந்தக் கோயில் என்று கேட்பீர்கள். என் மனம் அந்தப் பாட்டி பக்கம்தான் சாய்கிறது. வாசலில் கைகுலுக்கி வரவேற்பதை யாரும் செய்யலாம், நகர்ந்து இடம் கொடுப்பது வேறு. பூசைக்குப் போவதால் நீங்கள் மதம் மாறியவர் ஆகமாட்டீர்கள். ஆனால் ஒன்று: கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு அங்கே பொதுவாக நற்கருணை (பூசையில் தரும் அப்பம்) கொடுப்பதில்லை. வரிசையில் போய் நின்று தெரிந்துகொள்வதைவிட முன்பே ஃபாதரிடம் பேசிவிடுவது நல்லது. அம்மாவிடமும், "பையன் இருபது நிமிடம் உட்கார்ந்தான்" என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கிப் பாருங்கள்.

உங்கள் சபையில் அதற்கு ஈடான திருவிருந்துக்காக ஏங்குவீர்கள், தெரிகிறது. இங்கே முதலில் போன சபையில் கமிட்டிக்காரர் ஒருவர் சொன்னதுதான் உங்களிடம் இருக்கிறது. சபைப் போதகரான ஐயரிடம் நீங்கள் இன்னும் பேசவில்லை. வாரநாளில் போய், "என் பிள்ளை கத்துவான், அடங்காப்பிள்ளை அல்ல, அவனால் முடியாது" என்று சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்கும் குரலில் வேண்டாம். அவரும் முகம் சுளித்தால் அந்தக் கோயிலை மறந்துவிடலாம்.

ஐயர் சரி என்றால், திருவிருந்து உள்ள ஞாயிறுகளில் பையனைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். யூடியூப் போதும் என்று அவர் சொல்வது உங்கள் அலைச்சலைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். இந்தப் பொறுப்பைக் கேட்டால் மறுக்க மாட்டார். அன்றைக்கு மட்டும் நீங்கள் தனியாக, மூன்றாம் மணிக்கு முன்பே போய் உட்காருங்கள்.