பல வருடமாகப் புகைக்கிறேன். இ-சிகரெட்டுக்கு மாறலாமா? புதிதாகத் தொடங்குபவர் சென்னையில் எதை வாங்க வேண்டும்?

கேள்வியைப் பார்த்தால் முப்பது வயதுக்குள் இருப்பீர்கள். ஓஎம்ஆர் ஐடி கம்பெனி ஒன்றில் வேலை, வீட்டுக்குத் தெரியாது, சட்டையில் வாடை வராமல் இருந்தால் போதும். தப்பாகச் சொல்லியிருந்தால் விட்டுவிடுங்கள்.

வாங்குவது பற்றி முதலில். 2019 செப்டம்பரிலிருந்து இந்தியா முழுக்க இ-சிகரெட் விற்பது, இறக்குமதி செய்வது, இருப்பு வைப்பது எல்லாமே குற்றம். விற்று மாட்டினால் முதல் தடவையே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் இங்கே உங்கள் கைக்கு எது வந்தாலும் திருட்டுச் சரக்குதான். அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும் உள்ளே இருப்பதற்குப் பொறுப்பேற்க ஆள் கிடையாது. பெட்டிக்கடையில் சிகரெட்டைச் சில்லறையாக விற்கவிட்டு இதை மட்டும் தடுப்பது எனக்கும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அந்தச் சண்டைக்கு வருபவர்கள் வேறு ஆளைப் பார்க்கவும்.

நான் பயன்படுத்தியது இங்கிலாந்தில், சட்டப்படி. புராஜெக்டுக்காக மான்செஸ்டர் போயிருந்தேன். சிகரெட் பாக்கெட் விலையைக் கேட்டதுமே வேப் கடைக்குள் நுழைந்துவிட்டேன் (இ-சிகரெட்டை அங்கே வேப் என்பார்கள்). புகைப்பவர்கள் மாறினால் ஆபத்து குறையும், புகைக்காதவர்கள் தொடவே கூடாது என்று அந்த நாட்டு மருத்துவத் துறையே சொல்கிறது. கடைக்காரர், காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று கேட்டார். காபிக்கு முன்னாலேயே என்றேன். 20 மில்லிகிராம் நிக்கோட்டின் திரவம் கொடுத்தார். அங்கே ஒரு மில்லிலிட்டருக்கு அதுதான் உச்சவரம்பு.

கிங்ஸ் சிகரெட் இழுக்கிற மாதிரி இழுத்ததில் இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. மெதுவாக வாயில் நிரப்பி, அப்புறம்தான் உள்ளே எடுக்க வேண்டுமாம். புது பாட் (திரவம் இருக்கும் சின்னக் குப்பி) போட்டால் உள்ளேயிருக்கும் பஞ்சு ஊறச் சில நிமிடம் விட வேண்டும், அவசரப்பட்டால் கருகல் புகை தொண்டையில் ஏறும். இதெல்லாம் சீக்கிரம் பழகிவிடும். சட்டை வாடை போனது, மாடி ஏறும்போது மூச்சு வாங்குவதும் குறைந்தது. அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் சிகரெட் என்றால் ஒரு இடத்தில் முடியும். பெருங்குடி ஆபீசில் ஒரு தம் அடிக்க லிப்டுக்குக் காத்திருந்து, செக்யூரிட்டியைத் தாண்டி, மே மாத வெயிலில் டீக்கடை வரை நடக்க வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்தே பாதியைக் குறைத்திருந்தேன். வேப்புக்கு அந்தத் தொல்லையே கிடையாது. படுக்கையில், குளியலறையில், கேமராவை அணைத்துவிட்டு மீட்டிங்கில் என்று எந்நேரமும் கையில்தான். ராத்திரி விழிப்பு வந்தால்கூட தலையணைக்கு அடியில் தேடுவேன். புகை போனது, நிக்கோட்டின் போகவில்லை. படிப்படியாக அளவைக் குறைத்து விட்டவர்கள் இருக்கிறார்கள் என்று கீழே யாராவது எழுதுவீர்கள். இருக்கட்டும், சந்தோஷம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

திரும்பும்போது அதை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். இங்கே எனக்குக் கைகொடுத்தது நிக்கோட்டின் கம், சிகரெட்டை விடுவதற்காக மருந்துக்கடையில் விற்கும் சூயிங்கம். அதைப் பபிள்கம் மாதிரி மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். கொஞ்சம் மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி மெல்ல வேண்டும். காபியோ ஜூஸோ குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் சரியாக வேலை செய்யாது. எழுந்த அரை மணிக்குள் புகைப்பவருக்கு 2 மில்லிகிராம் போதாது, 4 தேவைப்படும், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் ஒன்றைக்கூட மருந்துக்கடையில் எனக்குச் சொல்லவில்லை. இப்போது கம்மும் நின்றுவிட்டது. கல்யாண வீடுகளில் என்ன நடக்கிறது என்று கேட்காதீர்கள்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் ஒருவர் இருக்கிறார். நான் மொட்டை மாடி மூலையில் நின்று புகைத்த காலத்தில் வாட்ஸாப் குழுவில் 'சில பேர்' என்று பக்கம் பக்கமாக எழுதுவார். போகிக்குக் கேட் முன்னால் பழைய மெத்தையைக் கொளுத்தியவரும் அவரேதான். நான் விட்டதற்கு ஒரு வார்த்தை கிடையாது. லிப்ட் பொங்கலிலிருந்து ஓடவில்லை, பராமரிப்புத் தொகை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

சரி, உங்கள் விஷயம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் புகையிலையை விட உதவும் மையம் இருக்கிறது. 1800 11 2356 என்ற இலவச எண்ணுக்கும் பேசலாம். சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அதை அச்சிட்டிருக்கிறார்கள். ஒன்றொன்றாக வாங்குபவர் என்றால் பார்த்திருக்க மாட்டீர்கள்.